வழியறிந்து கணக்கிடுதல்

கணக்கின் விடை ஒன்றே. அதனை அடையும் வழிகளோ பல. கணக்கைக் கண்டவுடன் எழுதுகோலை ஓட்டுவார் சிலர். எண்களின் இயல்பைச் சற்றே நோக்கி, அதற்கேற்ற வழியைத் தேர்ந்து தொடங்குவார் வேறு சிலர். பின்னவருக்கு உழைப்பும் குறையும், பிழையும் குறையும்.

திருப்பெரும்புதூரை அடுத்த பென்னலூர், சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையின் மருங்கில் அமைந்த ஊராகும். அதற்கு அண்மையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டிலும், ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டிலும் பெரிய கார் தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின. இத்தகைய தொழிற்சாலையில் எழக்கூடிய கணக்கொன்றைக் கருதுவோம். ஒரு காருக்குச் சக்கரங்கள் 4. ஒவ்வொரு சக்கரத்தையும் இறுக்க மரைகள் 5. அவ்வாறாயின் 48 கார்களுக்கு வேண்டும் மரைகள் எத்தனை? 48-ஐ 4-ஆல் பெருக்கி, வந்த 192-ஐ மீண்டும் 5-ஆல் பெருக்கலாம். ஆனால், 4-ஐயும் 5-ஐயும் முதலில் பெருக்கின் 20 ஆகும். 48-ஐ 20-ஆல் பெருக்க 960 என்பது மனத்திலேயே தோன்றும். பெருக்கலில் வரிசையை மாற்றினும் விடை மாறாது என்னும் உண்மையே இவ்வழிக்கு அடிப்படை.

கழித்தலிலும் இத்தகைய தேர்வு உண்டு. 463 ரூபாய்க்குப் பொருள் வாங்கியவர் 500 ரூபாய்த் தாளை நீட்டுகிறார். கடைக்காரர் கடன் வாங்கிக் கழிப்பதில்லை. 463-உடன் 7 சேர 470; மேலும் 30 சேர 500; ஆகவே மீதி 37 என்று எண்ணிக் கொடுத்துவிடுகிறார். இரண்டு எண்களும் அருகருகே இருப்பின் இங்ஙனம் ஏறி எண்ணுதல் எளிது. 1002-இலிருந்து 7-ஐக் கழிக்க வேண்டுமாயின் இறங்கி எண்ணுதலே எளிது. செயல் ஒன்றாயினும் எண்களுக்கேற்ப வழி மாறுகின்றது.

இவ்வுண்மையை முன்னோரும் நன்கறிந்திருந்தனர். கி.பி. 499-ஆம் ஆண்டைச் சார்ந்த ஆரியபட்டீயம் என்னும் நூலில், சீராக ஏறும் எண்களின் கூட்டுத்தொகையைக் காணும் விதி உள்ளது. முதல் எண்ணையும் இறுதி எண்ணையும் கூட்டி, எண்ணிக்கையின் பாதியால் பெருக்குக என்பது அதன் கருத்து. 1 முதல் 100 வரையுள்ள எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டினால் நெடுநேரம் ஆகும். விதிப்படி 101-ஐ 50-ஆல் பெருக்கினால் 5050 என்பது நொடியில் கிடைக்கும்.

எனினும் குறுக்கு வழி எங்கும் செல்லாது. 1, 2, 4, 8, 16 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 31. மேற்கூறிய விதியைப் பொருத்தினால் நாற்பத்திரண்டரை என்னும் பிழையான விடையே வரும். அடுத்தடுத்த எண்களின் வேறுபாடு சமமாக இல்லாமையே இதற்குக் காரணம். விதியை மட்டும் மனப்பாடம் செய்தவன் இங்கே இடறுவான். விதியின் காரணத்தையும் உணர்ந்தவன் இடறான்.

ஆதலின், கணக்கை முழுதும் படித்தல், எண்களை நோக்குதல், பொருந்தும் வழியைத் தேர்தல், வேறொரு வழியால் விடையைச் சரிபார்த்தல் ஆகிய நான்கையும் மாணவர் பழக்கமாகக் கொள்ளல் வேண்டும். விரைவு இப்பழக்கத்தின் பயனாகத் தானே வரும்.