ஐம்பதைத் தாண்டியவருக்கு நம் கடையில் வேலை உண்டா?

"வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை" என்பது காலையில் கடை திறக்கும்போதே நம் கடைத்தெருவில் கேட்கும் பேச்சு. அதே தெருவில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் கடை கடையாக ஏறி வேலை கேட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்புவதும் நடக்கிறது. அப்படித் திரும்புகிறவர்களில் நேற்றுவரை கல்லாவில் உட்கார்ந்திருந்த மளிகை வணிகர்களும் இருக்கிறார்கள். ஆகவே இதை வேறு யாருடைய கஷ்டமோ என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

பக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் வருகிறது. கடை வாடகை ஏறுகிறது. கடன் கொடுத்தது வசூலாகவில்லை. 2020 ஊரடங்கில் பற்றுக் கணக்கு முடங்கிக் கடையை மூடியவர்களை நம் வாடிக்கையாளர்களிலேயே பார்த்தோம். இப்படிக் கடை மூடியவர் ஒருநாளும் சம்பளம் வாங்கியவர் அல்ல. பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது. சிறு வணிகர்களுக்கென்று 2019-இல் மத்திய அரசு ஒரு பென்ஷன் திட்டம் கொண்டுவந்தது. அதிலும் 18 முதல் 40 வயது வரை உள்ளவர்களே சேரலாம் என்று வைத்தார்கள். ஐம்பத்து மூன்று வயதில் கடையைப் பூட்டியவர் என்ன செய்வார்? வேலை தேடித்தான் ஆக வேண்டும்.

எங்களிடம் இருபது வருஷத்துக்கும் மேல் சரக்கு எடுத்த ஒருவர் அப்படித்தான் வந்தார். பாக்கி எல்லாவற்றையும் தீர்த்துவிட்டுத்தான் கடையை மூடியிருந்தார். "அண்ணாச்சி, எதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று நின்றபடியே கேட்டார். "உங்களை எப்படி அண்ணாச்சி நாங்க வேலை வாங்குறது?" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். மரியாதையாகப் பேசியதாகத்தான் அன்றைக்கு எங்கள் நினைப்பு. ஒரு ஜவுளிக்கடையில் போர்டிலேயே "வயது 18 முதல் 30 வரை" என்று எழுதியிருந்ததாம். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் விவரம் எழுதி வாங்கிக்கொண்டு, 35-க்கு மேல் எடுப்பதில்லை என்றார்களாம். கடைசியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலுக்கு, 12 மணி நேர வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். துவரம்பருப்பை வாயில் போட்டுக் கடித்தே ஈரப்பதம் சொல்லக்கூடியவர் அவர்.

நாம் ஏன் மறுக்கிறோம்? வெளியில் சொல்லும் காரணம் உடம்பு. மூட்டை தூக்க மாட்டார், நாள் முழுக்க நிற்க மாட்டார் என்போம். 50 கிலோ மூட்டை தூக்குவது லோடுமேன் வேலை. அதற்கு நாமும் ஐம்பது வயதுக்காரரைக் கூப்பிடப் போவதில்லை. மற்ற வேலைக்கெல்லாம் இந்தக் காரணம் பொருந்துமா? உள்ளுக்குள் இருக்கும் காரணங்கள் வேறு. முதலாளியாக இருந்தவர் சொன்னதைக் கேட்பாரா என்ற தயக்கம் ஒன்று. நம் பார்ட்டிகளைத் தெரிந்துகொண்டு நாளைக்கு எதிரிலேயே கடை போட்டுவிடுவாரோ என்ற பயம் ஒன்று. கம்ப்யூட்டர் பில், ஜி.எஸ்.டி. எல்லாம் இவருக்கு வராது என்ற எண்ணம் இன்னொன்று. ஆனால் 2017 ஜூலையிலிருந்து தம் கடைக்கு ஜி.எஸ்.டி. கட்டியவர்தானே அவர்! எதிரில் கடை போடும் பயமோ, இருபது வயதுப் பையனிடம்தான் அதிகம் இருக்க வேண்டும். நம்மிடம் தொழில் பழகி எதிரில் கடை போட்டவர்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள். இதையெல்லாம் சொல்லும் நாங்களும் அறுபதைத் தாண்டித்தான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் வயதை யாரும் கேட்பதில்லை.

சட்டம் இதில் அதிகம் உதவாது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றால் பாகுபாடு கூடாது என்று சொல்லும் அரசியல் சட்டப் பிரிவுகளில் வயது இடம்பெறவில்லை. வயதைக் காரணம் காட்டித் தனியார் கடையில் வேலை மறுக்கக்கூடாது என்று தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 1967-லேயே அப்படி ஒரு சட்டம் செய்துவிட்டார்கள். தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 58-லிருந்து 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தியது. அந்த வயது வரை உழைக்க முடியும் என்று அரசே கருதும்போது நம் போர்டுகள் மட்டும் முப்பதில் நிற்கின்றன.

வேலையில் சேர்த்தபிறகு சட்டம் உண்டு. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன் 41-வது பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றி நீக்க முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். முறைகேடு செய்து பிடிபட்டவர் விஷயம் வேறு. அதே சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தம், கடைகளில் ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்கிறது. நின்றே வேலை பார்க்க முடியாது என்பதற்காக ஒருவரை மறுக்கும் முன் நம் கடையில் ஸ்டூல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வயதானவரைச் சேர்த்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலவு கூடும் என்று சில வணிகர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பி.எஃப். பொருந்தும் கடைகளில் 58 வயது ஆனபின் பென்ஷன் கணக்குக்குப் போகும் பங்கு நின்று, முதலாளியின் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்கிலேயே சேரும். நாம் கட்டும் தொகை கூடுவதில்லை. பத்து வருஷ சேவை இல்லாவிட்டால் மாதப் பென்ஷன் கிடையாது என்பதை மட்டும், ஐம்பதுக்கு மேல் முதன்முறையாகச் சேருகிறவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. இ.எஸ்.ஐ.யில் வயது உச்சவரம்பு இல்லை. முதலாளி பங்கு 3.25 சதவீதம், ஊழியர் பங்கு 0.75 சதவீதம் என்பது 2019 ஜூலையிலிருந்து எல்லா வயதினருக்கும் ஒன்றே. மனைவிக்கும் சேர்த்து வைத்தியம் கிடைப்பதால், இந்த வயதுக்காரருக்கு அது சம்பளத்தில் ஒரு பகுதி போல.

எங்களுக்குப் புத்தி வந்தது ஒரு லோடு வத்தலில். இறக்கும்போது மேல் மூட்டைகளைப் பார்த்துவிட்டுப் பையன் கையெழுத்துப் போட்டுவிட்டான். பத்து நாளில் நடு மூட்டைகள் பூசணம் பிடித்தன. எடை கூடத் தண்ணீர் தெளித்த சரக்கு. அனுப்பிய பார்ட்டியோ, "கையெழுத்துப் போட்டு இறக்கியாச்சே" என்றுவிட்டார். அன்று சாயங்காலம்தான் அந்த இரவுக் காவல்காரர் நினைவுக்கு வந்தார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டோம். மறுவாரம் வந்த லோடில் அவர் ஒவ்வொரு மூட்டையிலும் நடுவில் கைவிட்டு வத்தலை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தார். நன்றாகக் காய்ந்த வத்தலில் விதை சலசலக்கும். நான்கு மூட்டையைத் தனியே ஒதுக்கினார். லாரி நிற்கும்போதே விலை பேசி முடித்தோம்.

வரும் சரக்கைச் சரிபார்ப்பது, போனில் ஆர்டர் எடுப்பது, சிட்டைப்படி சரக்கு ஏறுகிறதா என்று பார்ப்பது, வசூலுக்குப் போவது, சாப்பாட்டு நேரத்தில் கல்லாவைக் கவனிப்பது - இவற்றுக்கெல்லாம் கால் வலுவைவிடக் கண்ணும் நிதானமும்தான் வேண்டும். ஆர்டர் எடுப்பதில் அவர் ஒரு படி மேலே. சின்னக் கடைக்காரருக்கு எந்த வாரத்தில் எது தீரும் என்று அவருக்குத் தெரியும். பள்ளி திறக்கும் மாதத்தில் பணம் எவ்வளவு இறுகும் என்பதும் தெரியும். முழு நாள் முடியாதவருக்கு அரை நாள் வேலையும் கொடுக்கலாம்.

வேலை கேட்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எதாவது வேலை" என்று கேட்காதீர்கள். கேட்கிறவருக்கு எதுவும் தோன்றாது. "சரக்குப் பார்த்து இறக்குவேன், வசூல் போவேன்" என்று இன்னது என்று சொல்லுங்கள். கடை நடத்தியவருக்கு அனுபவச் சான்று தர ஆள் இல்லை. ஆனால் ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், சங்க உறுப்பினர் அட்டை இருக்குமே, அவைதாம் உங்கள் சான்று. பாக்கி இல்லாமல் கணக்கு முடித்த இரண்டு மொத்த வியாபாரிகளின் பெயரையும் சொல்லுங்கள். அதற்கு மேல் சிபாரிசு எங்கள் தெருவில் கிடையாது. பத்து நாள் வேலையைப் பார்த்துவிட்டுச் சம்பளம் பேசலாம் என்று நீங்களே சொல்வதும் தயக்கத்தைக் குறைக்கும். ஆனால் அந்தப் பத்து நாளுக்கும் கூலி உண்டா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

எங்களிடம் வந்தவர் முதல் நாள் "முதலாளி" என்று கூப்பிட்டார். எங்களுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பழையபடி அண்ணாச்சி என்றே சொல்லச் சொன்னோம். கடைப் பையன்கள் முன்னால் அது சரிவராது என்று மறுத்துவிட்டார். கடை அடைத்து ஷட்டர் இறக்கியபிறகு மட்டும் அண்ணாச்சி என்கிறார்.