கரும்புச் சாறு வியாபாரத்தில் கையில் நிற்பது எவ்வளவு?

கெடாவில் சனவரி முதல் மார்ச்சு வரை வெயில் சுட்டெரிக்கும். சுங்கை லாலாங், பீடோங் பக்கம் அப்போது கரும்புச் சாற்றுக்குக் கிராக்கி அதிகம். தோட்ட வேலை முடிந்த பிற்பகலில் நாமும் ஒரு கடை போட்டால் என்ன என்று பல வீடுகளில் பேச்சு எழுவதுண்டு. நல்ல யோசனைதான். ஆனால் சேமிப்பை இயந்திரத்தில் போடுமுன் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

விலைவாசி இடத்துக்கு இடம் மாறும். உதாரணத்துக்கு 40 கிலோ கரும்பு 60 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சிறிய இயந்திரத்தில் எடையில் ஏறக்குறையப் பாதி சாறாக இறங்கும். கோப்பைக்குக் கால் லிட்டர் என்றால் 80 கோப்பை. கோப்பையும் குழலும் தலா 20 காசு வீதம் 16 வெள்ளி. ஐஸ், எண்ணெய், இடவாடகை, இயந்திரத் தேய்மானம் 29 வெள்ளி. மொத்தச் செலவு 105. கோப்பை 2 வெள்ளி 50 காசுக்கு விற்றால் வரவு 200. மிச்சம் 95 வெள்ளி. நிற்கும் இரண்டு பேரின் கூலியும் இதற்குள்தான் அடக்கம்!

மழை வந்து 50 கோப்பைதான் விற்றது என்றால்? வரவு 125, செலவு 99. மிச்சம் வெறும் 26 வெள்ளி. மீதிச் சாறு வடிகாலுக்குத்தான். பிழிந்த சாறு சீக்கிரம் கறுக்கும். சில மணி நேரத்தில் புளிக்கவும் தொடங்கும். எலுமிச்சை பிழிந்தால் நிறம் சற்றுத் தாங்கும், அவ்வளவே.

ஆகவே மொத்தமாகப் பிழிந்து வைக்காமல், ஆள் வந்தபின் பிழிய வேண்டும். தோல் சீவாத கரும்பு மறுநாளும் உதவும். அதே 50 கோப்பை நாளில் 15 கிலோ கரும்பு தப்பும். மிச்சம் 48 வெள்ளி 50 காசாகும். வாடிக்கையாளரும் கண்ணெதிரே பிழிவதையே விரும்புவார். சக்கை வீணில்லை, மாடு வளர்ப்போர் கேட்டு வாங்குவார்கள்.

சுங்கைப்பட்டாணி நகராண்மைக் கழகத்தில் உரிமம் எடுக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிகளின்படி, உணவைக் கையாளுவோர் பயிற்சி பெற்று டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும்.

கடன் வாங்கி இயந்திரம் எடுப்போர், மாதத் தவணையை 30ஆல் வகுக்கக் கூடாது. மழை நாளையும் ஓய்வு நாளையும் கழித்து, கடை திறக்கும் நாள்களால் வகுத்து, அந்த 29 வெள்ளியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.