பாலைவனத்தின் நீர்ப் பட்டா

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரேட் சாண்டி பாலைவனத்தில் வல்மஜாரி, மங்காலா முதலிய பூர்வகுடிகளை வாழவைத்தது மணலுக்கடியில் ஊறும் நீர். மழைக்குப் பின் சில காலம் மட்டும் ஊறுவது ஜுமு. எந்தக் கோடையிலும் வற்றாதது ஜிலா. மேலே வெறும் மணல்தான் தெரியும். எங்கே தோண்டுவது என்பதைப் பாட்டிலும் ஆட்டத்திலுமே அவர்கள் காத்துவந்தார்கள். குர்ட்டல் என்ற ஜிலாவில் மழை தரும் பாம்பு குடியிருப்பதாக நம்புகிறார்கள். அங்கே போகிறவர் தாம் இன்னார் என்று பாம்பிடம் சொல்லிக்கொள்ள வேண்டும்; மூடிய மணலை அள்ளி ஊற்றைத் தூர்வார வேண்டும். குர்ட்டலின் ஆட்டத்தை ஆடும் உரிமை அந்த நீருக்குப் பொறுப்பானவர்களுடையது. நீர் எங்கே, அதை எப்படிப் பேணுவது, அது யாருடைய பொறுப்பு ஆகிய மூன்றுக்கும் இந்த ஆட்டமே ஆவணம். இதைக் கேளிக்கை என்று ஒதுக்குவது பெரும் பிழை.

1992-இல் மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் பூர்வகுடிகளின் நிலவுரிமையை ஏற்றது. அந்த உரிமையைக் கோரிய, இந்தப் பாலைவனத்தைச் சேர்ந்த நுர்ரரா மக்கள், 1997-இல் 10 மீட்டருக்கு 8 மீட்டர் அளவுள்ள கித்தானில் தங்கள் ஜிலாக்களை வரைந்தார்கள். நிலவுரிமைக் கோரிக்கையை விசாரித்த தீர்ப்பாயத்தினர் முன்னிலையில் ஒவ்வொருவரும் தமக்குரிய பகுதியின்மேல் நின்று, அந்த நிலத்தைப் பற்றித் தம் மொழியிலேயே சாட்சி சொன்னார்கள். வழக்குக்காக அக்ரிலிக் வண்ணத்தில் தீட்டியதைப் பழைய உரிமைக்குச் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்கலாம். பட்டாவை நேற்று அச்சடித்தார்கள் என்பதற்காக வயல் புதிதாகிவிடாது. பாம்புக் கதை சான்றாகுமா என்பது அடுத்த கேள்வி. பாம்பை நம்பாதவரும் ஊற்றை மறுக்க முடியாது. 1906-இல் கால்நடைப் பாதைக்கு அளவெடுக்க வந்த ஆல்ஃபிரட் கேனிங், பூர்வகுடிகளைச் சங்கிலியால் பிணைத்து நீர் இருக்குமிடத்தைக் காட்டவைத்தார். இது 1908-இல் அரசு விசாரணைக்கே உள்ளானது. அந்தப் பாதையின் கிணறுகள் பல, அவர்களுடைய பழைய ஊற்றுகளிலேயே வெட்டப்பட்டவை. அந்த அறிவு மெய்யானது என்பதற்கு, அதைப் பறித்துக்கொண்டவரின் செயலைவிட வலுவான சாட்சி வேண்டியதில்லை.

வாய்வழி நினைவு காலப்போக்கில் பிசகாதா? தனியொருவர் நினைவு பிசகலாம். ஆனால் சடங்கு பலர் முன்னிலையில் நடப்பது. இளையவர் தவறினால் திருத்த மூத்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். 2007-இல், அரசும் இசைந்ததன்பேரில், 75,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தில் நுர்ரரா மக்களின் உரிமையைக் கூட்டாட்சி நீதிமன்றம் உறுதிசெய்தது. ஓவியம் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்லிவிட முடியாது; பத்தாண்டுக்கு மேற்பட்ட போராட்டம் பின்னணியில் உண்டு. ஆனாலும் ஒரு நெறி இதில் தெளிவாகிறது. நிலத்தோடு ஒரு சமூகத்துக்குள்ள உறவை விசாரிப்பவர்கள், அந்தச் சமூகம் ஆவணங்களை எந்த வடிவில் வைத்திருக்கிறதோ அந்த வடிவிலேயே படிக்கக் கற்க வேண்டும். எழுத்தை மட்டுமே சான்றாகக் கேட்பது, எழுதாதவர்களின் நிலத்தை ஆளில்லா நிலமென்று முன்கூட்டியே தீர்ப்பெழுதுவதாகும்.