ஒளியால் இறுகும் பல் அடைப்பும் பல்லின் வெப்பநிலையும்

ஒளியால் இறுகும் பல் அடைப்பு என்பது, சொத்தைப் பல்லில் மென்மையான பிசின் கலவையை வைத்து, நீல ஒளியைப் பாய்ச்சி அதைக் கடினமாக்கும் சிகிச்சை முறையாகும். பல்லின் நிறத்திலேயே அமைவதால் இம்முறை பரவலாகியுள்ளது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றபின், பாதரசம் கலந்த பழைய உலோக அடைப்புகளுக்கு மாற்றாகவும் இது கருதப்படுகிறது.

செயல்படும் விதம்

இக்கலவையின் அடிப்படையான பிசினை 1962இல் அமெரிக்கரான ரஃபேல் போவன் உருவாக்கினார். கலவையிலுள்ள கேம்பர்குயினோன் என்னும் பொருள் ஏறத்தாழ 468 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை உறிஞ்சி வினையைத் தொடங்கி வைக்கிறது. சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் இணைந்து கலவை இறுகுகிறது.

வெப்பம் உண்டாகும் வழிகள்

இரண்டு வழிகளில் வெப்பம் உண்டாகிறது. ஒன்று, மூலக்கூறுகள் இணையும்போது வெளிப்படும் வெப்பம். மற்றொன்று, விளக்கின் ஒளியே பல்லில் உறிஞ்சப்பட்டு வெப்பமாவது. எல்இடி விளக்குகள் பல சதுர சென்டிமீட்டருக்கு 1000 மில்லிவாட்டுக்கு மேல் ஒளி தருகின்றன. தென்காசியின் உச்சிவெயில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 மில்லிவாட்டுதான். எனவே பல்லின் மீது பத்து மடங்கு வெயில் அடிப்பதாகக் கொள்ளலாம். இத்தகைய விளக்கை 20 நொடி காட்டினால் சதுர சென்டிமீட்டருக்கு 20 ஜூல் ஆற்றல் சேர்கிறது.

பற்கூழும் இரத்த ஓட்டமும்

பல்லின் நடுவே நரம்பு, இரத்தக் குழாய்கள், உயிரணுக்கள் கொண்ட பற்கூழ் உள்ளது. அதைச் சூழ்ந்துள்ள டென்டைன் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆனால் சொத்தை ஆழமாகி டென்டைன் மெலிந்துவிட்டால் இந்தக் காப்பு குறைகிறது.

பற்கூழின் இரத்த ஓட்டமும் வெப்பத்தை அகற்றுகிறது. குற்றாலத்தில் அருவி விழும்போது பாறை சில்லென்றிருக்கும். அருவி வற்றிய கோடையில் அதே பாறை காலைச் சுடும். இரத்த ஓட்டத்தின் பணியும் இத்தகையதே. மரத்துப்போகும் ஊசி மருந்துடன் அட்ரினலின் சேர்க்கப்பட்டால் இந்த ஓட்டம் குறையும். நோயாளியால் சூட்டை உணர்ந்து சொல்லவும் முடியாது.

ஆய்வுகள்

1965இல் சாக், கோகென் ஆகியோர் ரீசசு குரங்குகளின் பற்களை வெப்பப்படுத்தி ஆய்ந்தனர். பற்கூழின் வெப்பநிலை 5.5 பாகை செல்சியசு உயர்ந்தபோது 15 விழுக்காட்டுப் பற்கூழ்கள் மீளவில்லை. 11 பாகை உயர்ந்தபோது இது 60 விழுக்காடானது. ஆனால் 1997இல் இத்தாலிய ஆய்வாளர்கள் மனிதப் பற்களை மெதுவாகச் சூடாக்கியபோது, சராசரியாக 11.2 பாகை உயர்ந்தும் பாதிப்பு காணப்படவில்லை. எனவே 5.5 பாகை என்பதை உறுதியான எல்லையாகக் கொள்ளாமல், எச்சரிக்கை அளவாகக் கொள்வதே பொருத்தம்.

குறைவான ஒளியின் தீங்கு

சூட்டுக்கு அஞ்சி ஒளியைக் குறைப்பதும் தீர்வாகாது. கலவை முழுமையாக இறுகாவிட்டால், இணையாத மூலக்கூறுகள் டென்டைனின் நுண்குழல்கள் வழியே பற்கூழை அடையக்கூடும். இவை உயிரணுக்களைக் காக்கும் குளூட்டாதயோனைக் குறைத்து அவற்றுக்கு ஊறு செய்வதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. அடைப்பும் விரைவில் பழுதாகும்.

பாதுகாப்பு முறைகள்

* கலவையை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து இறுகச் செய்தல்.
* ஆழமான குழியில் முதலில் காப்புப் பூச்சு இடுதல். வெறும் டென்டைன் மீது ஒட்டுப்பசையை இறுக்கும் கட்டத்தில் கூடுதல் கவனம் தேவை.
* ஒளி பாய்ச்சும்போது காற்று ஊதிக் குளிர்வித்தல். அடுக்குகளுக்கிடையே சில நொடிகள் இடைவெளி விடுதல்.
* நீல ஒளி கண்ணின் விழித்திரையைப் பாதிக்கும் என்பதால் ஆரஞ்சு நிறத் தடுப்பைப் பயன்படுத்துதல்.

சிகிச்சையின்போது சுடுவதாகத் தோன்றினால் நோயாளி உடனே கையை உயர்த்தித் தெரிவிக்க வேண்டும். அடைத்தபின் சில நாட்கள் லேசான கூச்சம் இருப்பது இயல்பு. இரவில் தானாகவே தோன்றும் வலியும், சூடாகக் குடித்தபின் நெடுநேரம் நீடிக்கும் வலியும் பற்கூழ் பாதிக்கப்பட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம்; அப்போது தாமதிக்காமல் மருத்துவரிடம் மீண்டும் காட்ட வேண்டும்.