தத்துப் பிள்ளையா? கைமாற்றாக வாங்காதீர்கள்!

சீனாவுக்கே பறந்துபோய்க் குழந்தையைத் தத்தெடுத்த வெளிநாட்டுக் குடும்பங்கள் ஏராளம். 2024-ல் சீனா அந்தக் கதவைக் கிட்டத்தட்ட சாத்திவிட்டது. வெம்பக்கோட்டையில் இருக்கிற உங்களுக்கு விமானமெல்லாம் எதற்கு? முதல் படிக்கு விருதுநகர் பஸ் போதும்!

'ஆஸ்பத்திரியில ஒரு பிள்ளை இருக்கு, பணம் கொடுத்தா போதும்' என்று யாராவது சொன்னால் மயங்கிவிடாதீர்கள். 2019-ல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை அம்பலமாகி, நர்ஸ் உட்படப் பலர் கைதானார்கள். விற்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம்தான். 5 வருஷம் வரை சிறை!

சரி, முறையான வழி? விருதுநகரில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். மத்திய அரசின் 'காரா' அமைப்பில் பெயரைப் பதிய வழி சொல்வார்கள். தம்பதி என்றால் கல்யாணமாகி 2 வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். 2 வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமானால் இருவர் வயதையும் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். காத்திருக்கப் பொறுமை வேண்டும். கடைசி உத்தரவு, 2022 முதல் கலெக்டர் கையில்.

2021-ல் அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்தில் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். இப்படிப் பெற்றோரை இழந்த அக்கா பிள்ளையை, அண்ணன் பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு 'உறவினர் தத்து' என்று தனி வழியே உண்டு. சும்மா வளர்த்தால் நாளை சொத்து, சான்றிதழ் எல்லாவற்றிலும் சிக்கல்.

குழந்தையின் மருத்துவ அறிக்கையையும் தடுப்பூசி அட்டையையும் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். புது இடத்தில் அது அழும், தூங்காது. பயப்படாதீர்கள். சில நாளைக்குப் பழகிய பாலையே கொடுங்கள். தத்து விஷயத்தைச் சின்ன வயதிலேயே நீங்களே சொல்லிவிடுங்கள். ஊர் சொன்னால்தான் வலிக்கும்!