தனியே மலையேறுவோருக்கு ஏற்ற கூடாரம் எது?

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் கூடாரம் என்றால் தார்ப்பாய்தான் நினைவுக்கு வரும். மழை இறங்கினால் மிளகு மூட்டை மேல் போர்த்துவார்களே, அதுதான். அதில் ஒரு துண்டு போதாதா என்று என் அக்காள் மகனிடம் கேட்டேன். "அதைத் தூக்கவே தனியா ஒரு ஆள் வேணும், மாமா" என்று சிரித்தான்.

பையனுக்கு வேலை கொச்சியில்; சொந்த ஊர் போடி. இடையிலுள்ள மலையைப் பஸ்ஸில் கடந்து அலுத்துப் போய், முதுகுப் பையோடு தனியே நடக்க ஆசைப்படுகிறான். அவன் தாயாருக்கோ 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டது மறக்கவில்லை.

சென்ற ஆண்டு விலை மலிவென்று ஒரு கூடாரம் வாங்கினான். எடை நாலு கிலோ. கண்ணாடி இழைக் கம்பி இரண்டாம் நாளே பிளந்தது. இம்முறை அலுமினியக் கம்பி. ஒருவருக்கான நல்ல கூடாரம் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். ஆனால் சீட்டில் அச்சிட்ட எடையில் முளை, கயிறு, உறை சேராமலும் இருக்கலாம். மிளகு நிறுக்கும் தராசுகள் நிறைந்த ஊரில் நமக்கென்ன கவலை? எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தே வாங்கினோம்.

துணியில் 1500, 3000 என்று மில்லிமீட்டர் கணக்கு இருக்கும். அவ்வளவு உயரத் தண்ணீர் மேலே நின்றாலும் துணி கசியாது என்று பொருள். படுத்தால் உடம்பின் பாரம் தரைத் துணியை அழுத்துவதால், அடியில் கூடுதல் எண் இருப்பது நல்லது. ஒற்றைத் துணிக் கூடாரம் எடை குறைவுதான். ஆனால் மூச்சுக் காற்றின் ஈரம் உட்புறம் நீராகப் படிந்து, விடியற்காலை போர்வை நனைந்துவிடும். ஜனவரியில் பனி உறையும் மூணாறுப் பக்கம் இது விளையாட்டல்ல. கால் கிலோ கூடினாலும் உள்ளே வலை, வெளியே மழைத்துணி என்று இரட்டையாக இருப்பதே என் கட்சி.

ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்தில் அதை விரித்துப் பார்த்தோம். தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் நம் தமிழர் பகுதி அது. பெரியவர் ஒருவர் துணியைத் தடவிப் பார்த்து, "நைலான் நனைஞ்சா தொய்யும் தம்பி. ராத்திரி எழுந்து கயிறை இழுத்துக் கட்டணும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது" என்றார். கடைக்காரர் சொல்லாத சேதி! நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் மடித்தே வைத்தால் உட்பூச்சு பிசுபிசுத்து நாறும். நிழலில் நன்றாய் உலர்த்தித் தளர்வாக வைக்க வேண்டும்.

ஆனால் எந்தத் துணியும் யானையைத் தடுக்காது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், கூடார விடுதியில் தங்கிய பெண் யானை தாக்கி இறந்தார். அனுமதியின்றிக் காப்புக் காட்டில் நுழைவதே குற்றம். அங்கே தனியே கூடாரம் அடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. 2640 மீட்டர் உயர மீசப்புலிமலைக்குக் கேரள வன மேம்பாட்டுக் கழகம் வழிகாட்டியுடன் அழைத்துச் செல்கிறது. கூடாரமும் அவர்களே தருகிறார்கள். தமிழக வனத்துறையும் 2024-ல் 40 மலைப் பாதைகளை வழிகாட்டியோடு திறந்திருக்கிறது.

"அப்படியானால் எதற்கடா இதை வாங்கினாய்?" என்று அக்காள் போடியிலிருந்து போனில் கேட்டாள். எஸ்டேட்காரர்கள் இடம் கொடுத்தால் அங்கே அடித்துக் கொள்வானாம். எந்த எஸ்டேட், யாரிடம் கேட்டான் என்று எழுதிக் காட்டிய பிறகே புறப்படலாம் என்று சொல்லிவிட்டாள். அதுவரை கூடாரம் என் வீட்டுப் பரணில் இருக்கிறது.