பழைய நாணயத்தின் உண்மை மதிப்பு என்ன? விலைக் கையேட்டுக்கும் சந்தைக்கும் இடையிலான இடைவெளி ஏன்?

சாமராஜநகர்: மைசூரு, ஸ்ரீரங்கப்பட்டணம், சாமராஜநகர் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்களின் பெட்டிகளில் பழைய செப்புக் காசுகள் கிடைப்பது புதிதன்று. ஒருபுறம் யானையும் மறுபுறம் பாரசீக எழுத்துகளும் கொண்ட காசு திப்பு சுல்தான் காலத்தது. ஆங்கிலத்தில் 'காஷ்' என்ற சொல்லும் ரோமன் எண்ணும் பொறித்த காசு மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தது. இத்தகைய காசு கையில் கிடைத்தவர், கைப்பேசியில் தேடி ஒரு விலைக் கையேட்டின் பக்கத்தைக் காண்கிறார். அதில் உள்ள தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு வணிகரிடம் செல்கிறார். வணிகரோ அதில் நான்கில் ஒரு பங்கைக்கூடத் தர முன்வருவதில்லை.

இவ்வாறு நேரும்போது தாம் ஏமாற்றப்படுவதாகப் பலரும் கருதுகின்றனர். ஆனால் பெரும்பாலான வேளைகளில் கையேடும் பொய் கூறவில்லை, வணிகரும் பொய் கூறவில்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

கையேடு எதைக் கூறுகிறது?

உலக நாணயங்களுக்கு அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டு முதல் வெளிவந்த கிராஸ் - மிஷ்லர் பட்டியல் இந்தியாவிலும் பரவலாகப் பயன்படுகிறது. நாணயங்களின் பெயருக்கு அருகில் காணப்படும் 'கே.எம்.' எண் இப்பட்டியலுக்கு உரியது. இதுபோன்ற கையேடுகளில் உள்ள விலை, ஒரு சேகரிப்பாளர் வணிகரிடமிருந்து நாணயத்தை வாங்கும்போது கொடுக்க நேரிடக்கூடிய தோராயமான சில்லறை விலையாகும். நாணயத்தை விற்பவருக்குக் கிடைக்கும் தொகை அதுவன்று.

அமெரிக்காவில் இந்த வேறுபாடு வெளிப்படையாகவே உள்ளது. அங்கு 1946 முதல் வெளிவரும் 'ரெட் புக்' சில்லறை விலையைத் தருகிறது. 1963இல் தொடங்கப்பட்ட 'கிரேஷீட்' இதழ், வணிகர்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும் மொத்த விலையைத் தருகிறது. ஒரே நாணயத்துக்கு இரண்டிலும் இரு வேறு தொகைகள் இருக்கும்.

தரம் ஒரு படி குறைந்தால்

கையேட்டில் ஒவ்வொரு நாணயத்துக்கும் 'ஃபைன்', 'வெரி ஃபைன்', 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்', 'அன்சர்குலேட்டட்' எனத் தேய்மான நிலைக்கு ஏற்பப் பல விலைகள் இருக்கும். வீட்டில் காசை எடுத்துப் பார்ப்பவரின் கண் பெரும்பாலும் மிக உயர்ந்த தொகையிலேயே நிலைகொள்கிறது. புழக்கத்தில் பல ஆண்டுகள் உருண்ட செப்புக் காசு அந்த நிலையில் இருப்பது அரிது.

எடுத்துக்காட்டாக, ஒரு காசுக்கு உயர்ந்த தரத்தில் 10,000 ரூபாயும், தேய்ந்த தரத்தில் 2,500 ரூபாயும் கையேட்டில் இருப்பதாகக் கொள்வோம். காசு தேய்ந்ததாக இருந்தால், வணிகர் அதை 2,500 ரூபாய்க்கு விற்க வேண்டும். கடைச் செலவு, விற்கும் வரை முடங்கும் முதல், தமது ஆதாயம் ஆகியவற்றைக் கழித்து அவர் 1,500 ரூபாய் தரக்கூடும். கையேட்டில் 10,000 ரூபாயைப் பார்த்தவருக்கு இது அநியாயமாகத் தோன்றுகிறது.

இதில் மற்றோர் இழப்பும் உண்டு. பழங்காசைப் புளியிட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கினால் விலை கூடும் என்று நினைப்பது தவறு. செம்பின் மேல் காலப்போக்கில் படியும் இயற்கையான படலத்தையே சேகரிப்பாளர்கள் விரும்புகின்றனர். தேய்த்துக் கழுவிய காசின் மதிப்பு பெருமளவு சரிந்துவிடும்.

பழமை வேறு, அருமை வேறு

திப்பு சுல்தானின் யானைக் காசுகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை. எனினும் அவை பெருமளவில் அச்சிடப்பட்டதால் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றின் அருமையை நிர்ணயிப்பது அக்கசாலையும் ஆண்டுமே. ஸ்ரீரங்கப்பட்டணம் அக்கசாலை, காசுகளில் 'பட்டன்' எனக் குறிக்கப்பட்டுள்ளது. இவ்வகை எளிதில் கிடைக்கும். சாமராஜநகரிலிருந்து திம்பம் மலைப்பாதை வழியே இறங்கினால் வரும் சத்தியமங்கலம், திப்புவின் காசுகளில் 'சலாமாபாத்' என்று குறிக்கப்பட்டது. அப்பெயர் தாங்கிய காசுகள் குறைவாகவே கிடைக்கின்றன.

ஆண்டைப் படிப்பதிலும் சிக்கல் உள்ளது. திப்பு 1787இல் 'மௌலூதி' என்ற புதிய ஆண்டுக் கணக்கை நடைமுறைப்படுத்தினார். அதற்குப் பிந்தைய காசுகளில் எண்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டுள்ளன. இதை அறியாதவர் 1215 என்பதை 5121 என்று படிப்பார். அக்கசாலையையோ ஆண்டையோ தவறாகப் படித்தால், கையேட்டில் வேறொரு காசின் விலையைத்தான் பார்க்க நேரிடும்.

கையேட்டைச் சந்தை முந்தும்போது

கையேட்டு விலை எப்போதும் சந்தையைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்று கூறிவிட முடியாது. 1862 முதல் 1939 வரையிலான ஆங்கிலேயர் கால ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 11.66 கிராம், அதில் சுமார் 10.69 கிராம் தூய வெள்ளி உள்ளது. எளிதில் கிடைக்கும் ஆண்டுகளைச் சேர்ந்த நாணயமாயினும், வெள்ளியின் அன்றைய விலையே அதன் குறைந்தபட்ச மதிப்பாக அமைகிறது. வெள்ளி விலை நாள்தோறும் மாறும். அச்சிட்ட கையேடு மாறாது. வெள்ளி ஏறிய காலத்தில் பழைய கையேட்டை நம்பி விற்பவர் இழப்புக்கு உள்ளாவார்.

டாலர் விலையும் சட்டமும்

வெளிநாட்டுப் பட்டியலில் உள்ள டாலர் விலையை ரூபாயாக மாற்றிக் கணக்கிடுவதும் பொருந்தாது. தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972இன்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய நாணயம் தொல்பொருளாகும். அதைத் தனியார் ஏற்றுமதி செய்ய இயலாது. எனவே லண்டன் அல்லது நியூயார்க் ஏலத்தில் கிடைக்கும் விலை, இங்குள்ள உரிமையாளருக்கு எட்டாத விலையே. நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த காசுகளுக்குப் புதையல் சட்டம் பொருந்தும். அத்தகைய புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிப்பது கட்டாயம்.

ஏல விலையையும் அலசிப் பார்க்க வேண்டும்

உண்மையில் நடந்த விற்பனையைக் காட்டுவதால், ஏல முடிவுகள் கையேட்டைவிட நம்பகமானவை. ஆனால் அவற்றிலும் கவனம் தேவை. ஏலதாரர் கேட்ட இறுதி விலைக்கு மேல், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டணமும் வரியும் செலுத்துகிறார். விற்பவரின் தொகையிலிருந்து தரகு கழிக்கப்படுகிறது. வெளியிடப்படும் தொகை இவற்றில் எதைச் சேர்த்தது என்பதை அறியாமல் ஒப்பிடக் கூடாது.

ஒரே ஏலத்தின் முடிவும் நிலையான மதிப்பாகிவிடாது. 1794ஆம் ஆண்டின் அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று 2013இல் சுமார் ஒரு கோடி டாலருக்கு விற்பனையானது. அதே நாணயம் 2020இல் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது, எதிர்பார்த்த குறைந்தபட்ச விலை கிடைக்காமல் விற்காமலே நின்றது. பின்னர் 2022இல் 1.2 கோடி டாலருக்குக் கைமாறியது. நாணயம் மாறவில்லை, அந்தந்த நாளில் அதை விரும்பி வந்தவர்களே மாறினர்.

லட்சக்கணக்கில் ஆசைகாட்டும் மோசடி

கையேட்டு விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர்களையே மோசடிக்காரர்கள் குறிவைக்கின்றனர். 2012இல் வெளியான வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 5 ரூபாய், 10 ரூபாய் நாணயங்களுக்கு லட்சக்கணக்கில் விலை கிடைக்கும் எனச் சமூக வலைதளங்களில் பரவிய தகவல்கள் இதற்குச் சான்று. பழைய நாணயங்களை வாங்கி விற்பதற்காகத் தனது பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்திக் கட்டணம், தரகு, வரி எனப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்று எச்சரித்தது. இத்தகைய விற்பனையில் தான் ஈடுபடுவதில்லை என்றும், எந்த நிறுவனத்துக்கும் அதற்கான அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அவ்வங்கி தெளிவுபடுத்தியது. நாணயத்தை விற்பவர் பணம் பெற வேண்டியவரே தவிர, முன்பணம் கட்ட வேண்டியவர் அல்லர்.

விற்கும் முன் செய்ய வேண்டியவை

காசைக் கழுவாமல், அதன் எடையையும் விட்டத்தையும் குறித்துக்கொண்டு, இருபுறமும் தெளிவாகப் படமெடுக்க வேண்டும். கையேட்டைக் கொண்டு அரசர், அக்கசாலை, ஆண்டு, வகை ஆகியவற்றை உறுதிசெய்யலாம். அதே வகையும் அதே தரமும் கொண்ட காசுகள் அண்மைய ஏலங்களில் பெற்ற விலைகளைக் குறைந்தது நான்கைந்து பார்த்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கிவிடலாம். பின்னர் ஒன்றுக்கு மேற்பட்ட வணிகர்களிடம் விலை கேட்டு ஒப்பிடலாம். போலிகளும் புழங்குவதால், விலையுயர்ந்த வகையாகத் தோன்றினால் நாணயவியல் அறிஞரின் கருத்தைப் பெறுவது நலம்.

கையில் இருக்கும் காசு எது என்பதை அறியக் கையேடு துணை நிற்கும். அதற்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சந்தையிடமே கேட்டறிய வேண்டும்.